கானண்ணை வரைந்த பெரிய குழாய்

லண்டனுக்கு வந்த யாழ்ப்பாணத்தார் அத்தனை பேருடைய கக்கூஸும் ஊரில் எந்த மூலையில் இருந்தது என்று சொல்லக்கூடிய மனிதர் இந்த உலகத்தில் கானண்ணை ஒருவர்தான். கான் என்றால் எங்கள் பக்கத்தில் கழிவுநீர் ஓடும் வாய்க்கால்; அதுவே அவருக்குப் பட்டப்பெயராகிவிட்டது. மனிதர் ஊரில் தண்ணீர்க் கந்தோரில், அதாவது குடிநீர் அலுவலகத்தில், படம் வரைந்தவர். எண்பதுகளில் அப்டன் பார்க்கில் எங்களோடு ஒரே வீட்டில் இருந்தபடி பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் செய்தார்.

வேலை முடிந்து வந்தால் சாப்பாட்டு மேசை அவருடையது. யாழ்ப்பாண நகரம் முழுக்கத் தண்ணீர்க்குழாயும் கழிவுக்குழாயும் போடும் திட்டத்தை அதில் விரித்துவிடுவார். ஊரில் சண்டை முடிகிற அன்று அந்தத் திட்டம் தயாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. நாங்கள் படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்து புட்டுச் சாப்பிட்டோம்.

திட்டத்துக்கு விவரம் வேண்டுமே. ஒரு நாள் குணம் என்ற பையன் விமான நிலையத்திலிருந்து நேரே வந்து சேர்ந்தான். பையைக்கூட இறக்கவில்லை.

"வாரும் தம்பி. உங்கட வீட்டிலை கிணத்துக்கும் கக்கூசுக்கும் எத்தினை அடி?"

குணம் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "அண்ணை, எயார்போட்டிலை எல்லாம் கேட்டாங்கள். இதைக் கேக்கேல்லையே!"

"அவங்களுக்கு என்ன தெரியும்? எங்கட ஊரிலை கீழை முழுக்கச் சுண்ணாம்புக்கல்லு. உம்மட குழியிலை விட்டது பக்கத்து வீட்டுக் கிணத்திலை நிக்கும்."

அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் சிவத்தார் அப்போது எங்கள் படிக்கட்டில்தான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய கிணறு ஏற்கெனவே படத்தில் ஏறியிருந்தது. குணம் தன் வீட்டுக் கக்கூஸைப் படத்தில் தொட்டுக்காட்டியதும், கானண்ணை அளவுகோலை வைத்துப் பார்த்து, "ஒம்பது அடிதான்" என்றார். சிவத்தார் கோப்பையைக் கீழே வைத்தார். இத்தனை வருடமும் என்ன குடித்தோம் என்று அவருக்கு அந்த நிமிடம் விளங்கிவிட்டது. அதன் பிறகு குணமும் சிவத்தாரும் ஒரே கட்டிலில் ஷிப்டுக்கு ஷிப்ட் மாறிப் படுத்தார்கள். ஆனால் ஒரு மாதம் பேசவில்லை.

விம்பிள்டன் கோயிலில் அன்னதான வரிசையிலும் கானண்ணை விடவில்லை. ஓர் அம்மாவின் கணவர், "பொம்பிளையளிட்டைக் கேக்கிற கேள்வியோ இது?" என்று கையை ஓங்கிவிட்டார். இவர் அசராமல் அடுத்த ஆளிடம் போனார்.

தொண்ணூறுகளில் நாங்கள் ஆளுக்கொரு பக்கம் பிரிந்தோம். எனக்குக் கல்யாணமாகி, மகள் பிறந்து, கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் வீடும் வாங்கியாயிற்று. ஊரில் சனம் குறையக் குறையக் கானண்ணையின் படத்தில் சனம் கூடிக்கொண்டே போனது. வெளியேறியவர்கள் எல்லோரும் திரும்பி வருவார்கள் என்றே பேரும் ஆள்கணக்கும் எழுதி, குழாயைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தார். ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணை, என்ரை பேரை வெட்டுங்கோ. நான் இனித் திரும்பிப் போகமாட்டன்."

அவர் முகம் வாடிவிட்டது. ஏன் சொன்னோம் என்றாகிவிட்டது எனக்கு.

"குழாயை மண்ணுக்குள்ளை தாட்டாப் பிறகு பெருப்பிக்க ஏலாது தம்பி. நீர் வந்து நிக்கேக்கை இடமில்லையெண்டு நானோ சொல்லுறது?" என்றவர் அழிரப்பரை எடுத்தார். "இப்ப வீட்டிலை எத்தினை பேர்?"

"மூண்டு."

என் பெயருக்குப் பக்கத்தில் ஒன்று என்று இருந்த எண்ணை அழித்து, மூன்று என்று எழுதினார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "நாலு எண்டெல்லோ சொல்லியிருக்க வேணும்" என்றாள்.

மகளுக்குத் துணையாக இன்னொன்று வரப்போகிறது என்று விளங்க எனக்குச் சற்று நேரமெடுத்தது. விளங்கியதும், திரும்பிப் போகவே மாட்டேன் என்று சொன்ன நான் முதலில் ஓடியது தொலைபேசிக்குத்தான்.

"அண்ணை, நாலாப் போடுங்கோ."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "சந்தோசம் தம்பி. காணும், நாலு பேருக்கும் தண்ணி தாராளமாப் போதும்."

பிறக்காத என் பிள்ளைக்கு முதன்முதலில் தண்ணீர் ஒதுக்கிவைத்தவர் அவர். இப்போது நினைத்தாலும் அந்த மனிதரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.