செருப்பில்லாம பாத்த கோட்டை

போன ஞாயித்துக்கெழம குடும்பத்தோட தரங்கம்பாடி கோட்டை பாக்கப் போனோம். அரியலூர்லேருந்து ஒரு வேன். ஏற்பாடு, அதிகாரம், அலட்டல் எல்லாம் நானு.

வருஷா வருஷம் டூர் போடுறது எங்க அண்ணிதான், வூட்டுக்காரரோட அக்கா. அவங்க டூருன்னா ஒரு கோயில், அத விட்டா இன்னொரு கோயில். இந்தத் தடவ நான் குறுக்க பூந்துட்டேன்.

"சாமி பாத்தது போதும் அண்ணி. கொஞ்சம் வரலாறும் பாப்போம்!"

"கோட்டையில என்னத்த இருக்கு? செவுரு. அதப் பாக்கக் கடலு வரைக்கும் போவணுமா?"

சரி, அவங்க மனசு கோணக் கூடாதுன்னு போற வழியில கல்லங்குறிச்சி பெருமாளையும் சேத்துக்கிட்டேன். வெனை அங்கதான் ஆரம்பிச்சுது.

கோயில் டூர்ல செருப்பு தொலஞ்சிரும்னு வேன்லயே கழட்டிப் போட்டுட்டு எறங்குறது எங்க வழக்கம். கல்லங்குறிச்சியில நான்தான் சத்தம் போட்டேன், "செருப்பெல்லாம் வேன்லயே இருக்கட்டும்!"

தரங்கம்பாடியில வேன் நின்னுச்சு. என் வாய் சும்மா இருக்குமா? "செருப்பெல்லாம் வேன்லயே இருக்கட்டும்!"

மொத்தக் குடும்பமும் வெறுங்காலோட எறங்கிருச்சு. ஒரு ஆளும் யோசிக்கல. டிரைவரு சாப்புடப் போறேன்னு வண்டிய எடுத்துட்டுப் போயிட்டாரு.

உச்சி வெயிலு. கோட்டை முத்தத்துல காலு வச்சதுதான் தாமதம், ஐயய்யோ!

"இத டேனிஷ்காரங்க கட்டுனப்ப..."ன்னு ஆரம்பிச்சேன். கேக்க ஆளில்ல. எல்லாரும் தாவித் தாவி செவுத்து நெழலுக்கு ஓடிட்டாங்க. எங்க வூட்டுக்காரரு துண்ட விரிச்சு அதுமேல நின்னுக்கிட்டு, "செல்வி, வரலாறு நல்லா சுடுது"ங்கிறாரு. மனுசனுக்கு வாயப் பாரு!

டிரைவருக்குப் போன் போட்டா எடுக்கல.

அண்ணி மட்டும் நெழல்ல நின்னு சிரிக்கிறாங்க.

அந்நேரம் பாத்து வெளியூர்க் குடும்பம் ஒண்ணு உள்ள வந்துச்சு. எங்க காலையெல்லாம் பாத்தாங்க. தங்களுக்குள்ள கிசுகிசுன்னு பேசிக்கிட்டாங்க. அப்பறம் வரிசையா செருப்பக் கழட்டுறாங்க!

நான் வாயெடுக்கறதுக்குள்ள அந்தக் குடும்பத்தம்மா அண்ணிகிட்ட போயிருச்சு. "உள்ள என்ன சாமிங்க?"

அண்ணி கண்ணக்கூட சிமிட்டல. "அதெல்லாம் வெளில சொல்லக் கூடாதும்மா. காலு சுடச் சுட மூணு சுத்து வந்தா நெனச்சது நடக்கும். எங்க தம்பி பொண்டாட்டிதான் வெவரம் தெரிஞ்சு கூட்டியாந்தா."

அந்தம்மா எனக்கும் சேத்து ஒரு கும்புடு போட்டுச்சு. "எம் புள்ளைக்கு ஒரு பொண்ணு அமையணும்"னுட்டு குதிச்சுக் குதிச்சுக் கெளம்பிருச்சு. பின்னாடியே அது வூட்டுக்காரரும் ஆ, ஊன்னுக்கிட்டு ஓடுறாரு.

இது கோயில் இல்லன்னு நான் சொல்லிருக்கலாம். சொன்னா, அப்ப உங்க செருப்பு எங்கன்னு கேப்பாங்களே! மானம் போயிருமே!

வேன்ல திரும்பறப்ப அண்ணி என் தோள்ல தட்டுனாங்க. "நீ சொன்னது சரிதான் செல்வி. கோயில விட கோட்டையில பக்தி ஜாஸ்தி."

அடுத்த வருஷ டூர மறுபடியும் அண்ணிதான் போடுறாங்க. எனக்கு செருப்புக்குக் காவல் இருக்குற வேல.