மட்டை நானாவின் பட்டர்

கோல்ஃப் மட்டைகளைப் பற்றி இந்த உலகத்தில் அதிகம் தெரிந்தவர் யார் என்று கேட்டால், கற்பிட்டியில் தையல் கடை வைத்திருந்த மட்டை நானாதான் என்று யோசிக்காமல் சொல்வேன். அவர் வாழ்நாளில் ஒரு பந்தையும் அடித்ததில்லை. கற்பிட்டியில் கோல்ஃப் மைதானமும் கிடையாது. கடல் இருக்கிறது, வெங்காயத் தோட்டம் இருக்கிறது, கருவாடு காயும் மணல் இருக்கிறது. இவற்றில் எதிலும் கோல்ஃப் விளையாட முடியாது.

நான் அப்போது அங்கே ஓர் அரச அலுவலகத்தில் எழுதுவினைஞன். சொந்த ஊர் சிலாபம். அலுவலகத்துக்கு நேரெதிரே நானாவின் கடை; முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே நானா என்றுதான் கூப்பிடுவோம். என் காற்சட்டைகள் எல்லாம் அவர் தைத்தவை. பகல் சாப்பாட்டு நேரத்தில் பாதி அவருடைய கதிரையில்தான் கழியும்.

யுத்தம் முடிந்து, பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்கி விளையாட வெள்ளைக்காரர்கள் கற்பிட்டிக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். கிழிந்த பட்டங்களைத் தைக்க அவர்களுக்கு நானாவை விட்டால் ஆளில்லை. அப்படி வந்த ஒருவர் ஊர் திரும்பும்போது தன் கோல்ஃப் மட்டை ஒன்றை அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டுப் போனார். தனக்கென்றே சொல்லிச் செய்வித்ததாம். இடுப்பு வருத்தத்தால் இனி விளையாட முடியாதாம். வேறு யாராவது என்றால் அதை வைத்து நாய் விரட்டியிருப்பார்கள். நானா அளவு நாடாவை எடுத்தார்.

மூன்று நாள் அளந்தார். பிடியின் தேய்மானத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். நாலாம் நாள் என்னைக் கூப்பிட்டு, இது கடையில் எடுத்த சாமான் இல்லை, ஆளுக்கு அளவெடுத்துத் தைத்த சாமான் என்றார். நானா வாயில் சட்டையும் தைப்பதுதான், இரும்பும் தைப்பதுதான். மட்டையின் நீளத்தில் ஆளின் உயரம், சாய்வில் அவர் குனியும் விதம், தேய்மானத்தில் எந்தக் கையை நம்புகிறார் என்பது எல்லாம் எழுதியிருக்கிறதாம். நான் சிரித்தேன். பிறகு ஒருநாள், கடற்கரை ஹோட்டல் மனேஜர் ஒருவர், அங்கே தங்கிய யாரோ மறந்துவிட்டுப் போன மட்டையொன்றைக் காட்டியபோது, ஆள் கட்டை, வலது தோள் இறங்கியிருக்கும் என்றார் நானா. அடுத்த கிழமை அதைத் தேடி வந்தவர் கட்டையாக, வலது தோள் இறங்கித்தான் இருந்தார். அதன்பின் நான் சிரிக்கவில்லை.

அதிலிருந்து பைத்தியம் முற்றியது. சேர்ப்பதும் மாற்றுவதும், கொழும்பிலும் நுவரெலியாவிலும் உள்ளவர்களோடு போனில் மணிக்கணக்காகக் கதைப்பதுமாக இருந்தார். அவர்கள் இவரைப் பெரிய தோட்டத்துரை என்று நினைத்திருக்க வேண்டும். ஒருவர் மரியாதையாக, உங்கள் ஹண்டிகப் எவ்வளவு என்று கேட்டார். விளையாட்டில் ஒருவருடைய திறமையைச் சொல்லும் கணக்கு அது. நானாவுக்குத் தெரிந்த ஹண்டிகப் ஆஸ்பத்திரியில் ஊனத்துக்குச் சொல்வது.

"பெரிசா ஒண்டுமில்ல தொரை, இடது கண்ணில மட்டும் கொஞ்சம் பூ விழுந்திரிக்கி" என்றார்.

பெயர் வந்த கதையில் என் பங்கும் உண்டு. பத்திரிகையில் போட ஒரு விளம்பரம் எழுதித் தரச் சொன்னார். 'நல்ல மட்டைகள் வாங்கப்படும், பழையவையும் ஏற்கப்படும்' என்று என் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். கோல்ஃப் என்ற சொல்லை மறந்துவிட்டேன். சிலாபம் பக்கமிருந்து இரண்டு லொறி நிறையத் தேங்காய் மட்டை வந்து கடை வாசலில் நின்றது. நானா என்னைத் திட்டவில்லை. லொறியில் ஏறி, இதற்குள் தப்பித்தவறி ஒரு கோல்ஃப் மட்டையாவது கிடக்குமா என்று கிளறிப் பார்த்தார். அன்றிலிருந்து ஊருக்கு அவர் மட்டை நானா.

சேர்த்ததில் பாதியைக் கொடுத்து அவர் வாங்கிய ஒன்றுதான் பட்டர். பந்தை மெல்லத் தட்டிக் குழிக்குள் விடும் மட்டைக்கு அதுதான் பெயர். ஒரே இரும்புக் கட்டியைக் கடைந்து செய்து, பின்புறம் யாருடையதோ இரண்டு எழுத்துப் பொறித்திருந்தது. அதைக் கறுப்புத் துணியில் சுற்றி வீட்டு அலுமாரியில் வைத்திருந்தார். நானா வீட்டில் பாணுக்குப் பூசும் பட்டரையும் அலுமாரியில் பூட்டி வைக்கிறார்களாம் என்று பாண் கடைக்காரர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

நானாவுக்கு ஒரே ஒரு ஆசை மிச்சமிருந்தது. தனி மட்டையில் ஆளின் கை மட்டும்தான் தெரிகிறது, ஒருவருக்கே செய்த முழு செட் கிடைத்தால் முழு ஆளையும் பார்த்துவிடலாம் என்பார். நாலு வருடமாக அதையேதான் சொன்னார்.

ஒருநாள் அந்த முழு செட் ஜீப்பில் வந்து இறங்கியது. கொண்டுவந்தவர் மட்டை சேர்க்கும் ஒரு கொழும்பு டொக்டர். தோல் பைக்குள் எல்லாம் ஒரே கைவேலை. பட்டரைத் தந்தால் பையோடு எடுத்துக்கொள்ளலாம் என்றார். நானா பையிலிருந்து ஒவ்வொரு மட்டையாக எடுத்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பட்டரைக் கொண்டுவந்தார். பிறகு டொக்டரை எழுப்பி நிறுத்தி, மணிக்கட்டிலிருந்து நிலம் வரை அளந்தார். பட்டர் அவருக்கு இரண்டு இஞ்சி நீளம் கூட என்றார். அதற்கென்ன, வெட்டிவிட்டுப் பாவிக்கலாம் என்றார் டொக்டர்.

நானா பட்டரைத் துணியில் சுற்றத் தொடங்கினார்.

"இது ஆரோ ஒருத்தருக்கு அளவெடுத்துத் தெச்ச சாமான், சேர். வெட்டுறதுக்குத் தர மாட்டேன்."

டொக்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கடைசியில் பை ஜீப்பில் ஏறியது. ஜீப் வீதி முனையில் திரும்பி மறையும் வரைக்கும் நானா வாசலிலேயே நின்றார். உங்களுக்கென்ன விசரா நானா என்று நான் சத்தம் போட்டேன். அவர் உள்ளே போய் ஊசியில் நூல் கோர்த்தார். மூன்று தரம் தவறியது.

அடுத்த வருடம் எனக்குச் சிலாபத்துக்கு இடமாற்றம் வந்தது. கேட்டு வாங்கிய இடமாற்றம்தான், ஆனாலும் கடைசி நாள் நானாவின் கடைப்பக்கம் பார்க்க மனம் வரவில்லை. அவரே வீதியைக் கடந்து வந்தார். கையில் கறுப்புத் துணிப் பொட்டலம். பிரித்தேன். பட்டர். மேல்முனையை வெட்டி, வலை நூலால் புதுப்பிடி கட்டியிருந்தார். பிடித்து நின்றேன். குனியவும் தேவையில்லை, கையை நீட்டவும் தேவையில்லை.

"வெட்ட மாட்டேன் எண்டீங்களே நானா?"

"டொக்டர் ஒரு நாள் வந்த ஆள் தம்பி. உங்கட அளவு ஏழு வருசமா என்ட புத்தகத்தில இரிக்கி. உங்கட இடது கால் அரை இஞ்சி கட்டை. அதுக்குத் தக்கனதான் களிசானும் தெச்ச, இதையும் வெட்டின."

எனக்கு ஒரு கால் கட்டை என்பது அதுவரை எனக்கே தெரியாது. சரி பார்க்கச் சிலாபத்தில் நல்ல தையற்காரர் ஒருவரிடம் காற்சட்டை தைத்துப் போட்டேன். காற்சட்டையின் இடது கால் தரையைக் கூட்டியது.

இன்றைக்கும் ஒரு காற்சட்டைக்காகச் சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரை பஸ் ஏறுகிறேன். வீட்டில் கேட்டால், அங்கேதான் என் அளவு இருக்கிறது என்று சொல்வேன்.