வெள்ளைப் பூவா, சிவப்புப் பூவா?

எனக்கு எல்லாம் தெரியும்; முடிவெடுக்க மட்டும் தெரியாது. ஓட்டலுக்குப் போனால் தோசையா பரோட்டாவா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் கூட வந்தவர்கள் கை கழுவிவிடுவார்கள். அப்படிப்பட்ட என்னிடம்தான் அருப்புக்கோட்டையில் ஒரு நூல் கம்பெனி தன் சர்வரை ஒப்படைத்திருந்தது.

சர்வர் என்றால் பரிமாறுகிறவர் இல்லை (என் அம்மா ரொம்ப நாள் அப்படி நினைத்துக் கவலைப்பட்டிருக்கிறார்). கம்பெனியின் பில், இருப்பு, தறிக்காரர்களுக்குப் போன நூல் எல்லாம் அடங்கிய கம்ப்யூட்டர். அதில் ஓடிக்கொண்டிருந்த இயங்குதளத்துக்கு இலவச சப்போர்ட் முடியப்போகிறது, இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்று அறிவிப்பு வந்தது. முதலாளி அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன்.

"சப்போர்ட்டு இல்லேன்னா ஓடாதாம்மா?"

"ஓடும் அண்ணாச்சி. ஆனா களவாணி உள்ள வந்தா கேக்க நாதியில்ல."

"அப்ப மாத்திரு. எதுக்கு மாத்துறதுன்னு நீயே சொல்லு. முடியலேன்னா மதுரைக் கம்ப்யூட்டர் ஆளுகள வரச் சொல்லிருவோம்."

கடைசி வார்த்தை சுருக்கென்றது. திருச்சுழிப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் கசங்கி வந்து, பில் அடிப்பதில் தொடங்கி, மெல்ல மெல்ல சர்வர் அறைச் சாவி வரை வந்தவள் நான். மதுரை ஆட்கள் வந்தால் சாவி அவர்கள் கைக்குப் போய்விடும். நான் பழையபடி பில் அடிக்க உட்கார வேண்டியதுதான்.

இலவசமாகவே இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று புதுப்புது வசதிகளோடு அடிக்கடி மாறுவது. மற்றது நிதானமானது, வருடக்கணக்கில் அப்படியே இருப்பது. இரண்டையும் ஒரு பழைய கம்ப்யூட்டரில் ஏற்றி ஓட்டிப் பார்த்தேன். காலையில் ஒன்று பிடித்தது, சாயங்காலம் மற்றது. அண்ணாச்சி கேட்கும்போதெல்லாம் "பாத்துக்கிட்டிருக்கேன்" என்றேன்.

"பொண்ணு பாக்குறவுககூட இம்புட்டு நாள் பாக்க மாட்டாக" என்றார் கணக்கு எழுதும் முத்தையா அண்ணன்.

அண்ணாச்சிக்குப் பொறுமை போய்விட்டது. "வெள்ளிக்கிழமை பூக்கட்டிப் பாத்துருவோம்."

எங்கள் பக்கத்தில் நிலம் வாங்குவது முதல் கல்யாணம் வரை இதுதான் வழி. இதற்கு வெள்ளை, அதற்குச் சிவப்பு என்று நினைத்துக்கொண்டு, வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமாகவும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலமாகவும் மடித்துச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரிப்பார்கள். கம்ப்யூட்டர் படித்தவள் மறுத்திருக்க வேண்டும். நானோ பாரம் இறங்கிய நிம்மதியில் மல்லிகையும் செவ்வரளியும் வாங்கி வந்து நானே மடித்துப் போட்டேன்.

லோடு ஏற்றுகிறவர்கள்வரை எல்லோரும் கம்பெனிக் கொட்டகையில் சாமி படத்துக்கு முன்னால் கூடிவிட்டார்கள். அண்ணாச்சி சூடம் காட்டி, கண்ணை மூடி, ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். மல்லிகை!

"வெள்ளை வந்துருச்சு. வெள்ளை எதும்மா?"

நான் மல்லிகையை உற்றுப் பார்த்தேன்.

"மறந்துட்டியா?"

"இல்ல அண்ணாச்சி... எது எதுக்குன்னு நெனைக்கவே இல்ல." (மடித்தேன், கும்பிட்டேன், அதோடு சரி.)

சிரிப்பில் கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. பூமி பிளக்காதா என்று நான் தரையைப் பார்த்தேன்.

"அதுக்கென்ன, இப்ப நெனச்சுக்க. திரும்பப் போட்ருவோம்" என்று முத்தையா அண்ணன் பொட்டலத்துக்குக் கை நீட்டினார்.

"வேணாண்ணே! அந்த மாறிக்கிட்டே இருக்குறது வந்து தொலைச்சிரும்!"

கத்தியது நான்தான்.

"வந்தா என்னம்மா?" என்றார் அண்ணாச்சி.

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. அதில் நம் பில் மென்பொருள் திணறுகிறது. பிரிண்டர் பாதி பில்லில் நிற்கிறது. சப்போர்ட்டும் சீக்கிரமே முடிந்து மறுபடி இதே பாடு. நிதானமானதில் எல்லாம் ஓடுகிறது, பல வருடத்துக்குக் கவலையில்லை. மூச்சு வாங்கத்தான் நிறுத்தினேன்.

"இம்புட்டையும் வயித்துக்குள்ள வச்சுக்கிட்டா என்னையக் கண்ண மூட வச்ச?"

அந்த ஞாயிற்றுக்கிழமையே நிதானமானதுக்கு மாற்றினேன். திங்கட்கிழமை முதல் பில் தடங்கலில்லாமல் வெளியே வந்தபோது, அதை நானே நெய்த மாதிரி கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். மதுரை ஆட்கள் வரவே இல்லை. சாவி இன்னும் என்னிடம்தான். லோடு ஏற்றுகிறவர்கள் அந்த சர்வரை 'வெள்ளைப்பூ' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அது நன்றாக ஓடுகிறது என்று சொல்லும்போது எனக்குக் குரல் கொஞ்சம் உயரத்தான் செய்கிறது.

கதை வீட்டுக்கும் வந்துவிட்டது. எனக்கு இரண்டு வரன் வந்து நான் விழித்தபோது அப்பா அம்மாவிடம் சொன்னார்: "பூக்கட்டப் போறோம்னு மட்டும் சொல்லு. எவரு வேணாம்னு அவளே கத்திருவா."

கத்தினேன். மற்றவரைக் கட்டிக்கொண்டேன். இப்போதும் ஓட்டலில் நான் யோசிக்க ஆரம்பித்தால் அவர் சட்டென்று எழுந்து, "பூ வாங்கிட்டு வரவா?" என்பார்.

அந்த நொடியே எனக்குப் பரோட்டாதான் வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது.