மூன்றாவது உபசாரம்

"முப்பதுக்கு இருபத்தெட்டு. ஏத்துக்கறீங்களா?" என்றார் பேராசிரியர் தெஸ்ஸாரோ.

குல்நார் நெஞ்சில் கை வைத்தாள். "ஐயோ சார், எனக்கு அவ்வளவு தகுதி ஏது!"

"நல்லாத்தானே பதில் சொன்னீங்க. ஏத்துக்கறீங்களா?"

"வெட்கமா இருக்கு சார். வேணாம்."

பேராசிரியர் மறுபடி வாயைத் திறந்தார். அதற்குள் உதவியாளர் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார். ஒரு தாடிக்காரன் வந்து அவள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான்.

அங்கே மாணவர் ஏற்றுக்கொண்டால்தான் மார்க் பதிவாகும். வாய்மொழித் தேர்வை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பின்வரிசையில் இருந்து பார்த்த அறைத்தோழி ஒத்தாவியா அவளை வராந்தாவுக்கு இழுத்துப் போனாள்.

"மூளை கெட்டுப்போச்சா? மார்க்கை வேணாம்னுட்டியே! இனி செப்டம்பர்லதான் மறுபடி."

"நான் எங்கேடி வேணாம்னேன்? மரியாதைக்குச் சொன்னேன். மூணாவது தடவை கேட்டிருந்தா வாங்கியிருப்பேன்."

"மார்க்கை என்ன பந்தியிலயா பரிமாறறாங்க?"

ஈரானில் அப்படித்தான். எதைக் கொடுத்தாலும் இரண்டு தடவை மறுக்க வேண்டும். மூன்றாவது தடவை வாங்கிக்கொள்ளலாம். டாக்ஸிக்காரர்கூட முதலில் காசு வேண்டாம் என்றுதான் சொல்வார். குல்நார் இத்தாலியின் பதுவாவுக்குக் கலை வரலாறு படிக்க வந்து இரண்டு வருடமாகியும் நாக்கு இன்னும் ஊரிலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமைக்குள் இந்தத் தேர்வு பதிவாகவில்லை என்றால் உதவித்தொகை நின்றுவிடும். பிறகு படிப்பு ஏது, பதுவா ஏது.

அம்மா அனுப்பிய பிஸ்தா மிட்டாய்ப் பெட்டி ஒன்று பிரிக்காமல் இருந்தது. மார்க்கை மறுபடி கேட்டுப் பார்க்கலாம் என்று மறுநாள் அதை எடுத்துக்கொண்டு பேராசிரியரின் அறைக்குப் போனாள். துணைக்கு ஒத்தாவியா.

"எங்க ஊர் மிட்டாய் சார்."

"அடடா, வேணாம்மா."

"கொஞ்சமா எடுத்துக்குங்க சார்."

"எதுக்கு உங்களுக்குச் சிரமம், வேணாம்."

அவர் கண் பெட்டியைவிட்டு நகரவில்லை. குல்நார் மூன்றாவது தடவை நீட்டப் போனாள். ஒத்தாவியா முதுகில் கிள்ளினாள். குல்நார் பெட்டியைப் பைக்குள் வைத்து, வணக்கம் சொல்லி, வெளியே வந்தாள்.

"எப்படி முறைச்சார் பார்த்தியா? லஞ்சம்னு நினைச்சுட்டார்," என்றாள் ஒத்தாவியா. "இது இத்தாலி. வேணாம்னா வேணாம், வேணும்னா வேணும். நடுவுல ஒண்ணும் கிடையாது."

அன்று மாலை முழுவதும் பயிற்சி. ஒத்தாவியா கேட்பாள், குல்நார் ஒரே வார்த்தையில் பதில் சொல்ல வேண்டும். பசிக்குதா? ஆமா. என் சமையல் நல்லா இருக்கா? இல்லை. இதற்கு மட்டும் ஒத்தாவியா அவள் தட்டைப் பிடுங்கிக்கொண்டாள். பயிற்சியின் நடுவே மிட்டாய்ப் பெட்டியும் பிரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை. கல்லூரிக் காப்பிக் கடையில் பேராசிரியர் தனியாக நின்றிருந்தார். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வாங்க, வாங்க! ஒரு காப்பி சாப்பிடுங்க."

"வேணாம்."

"சும்மா ஒரு வாய்..."

"வேணாம் சார்."

"நான் வாங்கித் தர்றேன்மா, மாட்டேன்னு சொல்லாதீங்க."

"வேணாம்னா வேணாம்தான் சார்."

பேராசிரியரின் முகம் விழுந்துவிட்டது. கோப்பையைச் சுற்றிக்கொண்டே கேட்டார். "அன்னைக்கு அந்த மிட்டாய்..."

இதற்கும் பதில் தயாராக இருந்தது. "தப்புதான் சார். இனிமே உங்க பக்கம் கொண்டே வரமாட்டேன்."

பேராசிரியர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு மாடி ஏறிப் போய்விட்டார். மார்க்கைப் பற்றிப் பேச வைத்திருந்த வாக்கியத்தைச் சொல்லக் குல்நாருக்கு வழியே இல்லாமல் போனது.

வாசலுக்கு வந்தாள். ஒத்தாவியா மடியில் பெட்டியோடு படியில் உட்கார்ந்து, கடைசித் துண்டை மென்றுகொண்டிருந்தாள்.

"என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லலை. ஊருக்கு மூட்டை கட்டணும்."

வாசல் மேசையில் அறைச் சாவிகளைப் பார்த்துக்கொள்ளும் ஊழியை லொரேத்தா உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏ பொண்ணே, அந்த மிட்டாய்க்காரி நீதானா? சாரோட சம்சாரம் உங்க ஈரான்தான், இஸ்பஹான்காரி. அந்தப் பழக்கம் அவருக்கும் ஒட்டிக்கிச்சு. ரெண்டு தடவை வேணாம்னுட்டு மூணாவதுக்குக் காத்திருந்தா பெட்டியைத் தூக்கிட்டுப் போயிட்டாளேன்னு மனுஷன் புலம்பறார். உன் மார்க்கை இன்னும் ரத்து பண்ணலையாம், பேனா முனையிலதான் நிக்குதாம், ஓடிப்போய் இன்னொரு தடவை அந்தப் பெட்டியை நீட்டு!"