ஒன்றாம் நம்பர் இசைத்தட்டு

"அடிப்பாவி! இன்னாடி பண்ணிக்கினு கீற?"

வேதகிரி செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டான். உள்ளே அவன் மனைவி ஜெயம்மாள், ஒரு பெரிய இசைத்தட்டை உறையோடு மணைப்பலகையில் சாய்த்து வைத்து, நான்கு மூலைக்கும் மஞ்சள் தடவிக் குங்குமம் இட்டு முடித்திருந்தாள். அட்டையில் நீளமுடியும் கிடாருமாக நின்ற பாடகனின் நெற்றியிலும் ரூபாய் அளவுக்கு ஒரு பொட்டு.

"வூட்டுக்குப் புதுசா எது வந்தாலும் பொட்டு வெப்போமில்ல? மிக்சிக்கு வெச்சோம், கேஸ் அடுப்புக்கு வெச்சோம். இதுக்கு மட்டும் வாணாமா?"

"மேல பிளாஸ்டிக் கவர் ஒண்ணு இருந்திருக்குமே?"

"அதும்மேல குங்குமம் நிக்கல. கிழிச்சிப் போட்டுட்டேன். கூரியர்காரரு தௌஹீத் குட்த்துட்டு, சாயங்காலம் மறுபடியும் வரேன்னு..."

மீதி எதுவும் வேதகிரி காதில் ஏறவில்லை.

உத்திரமேரூர் அரிசி மில் முதலாளி கிருஷ்ணசாமியிடம் பதினெட்டு வருடமாக லாரி ஓட்டுகிறவன் அவன். முந்தாநாள் முதலாளி தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது இன்னும் காதிலேயே இருந்தது.

"மேகநேசன்னு ஒரு பாடகர், வேதகிரி. தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தனியாப் பாடினது. முப்பது வருஷத்துக்கு முன்னாடி கேசட்டா வந்துச்சு. இப்போ பெரிய தட்டா மறுபடியும் போட்டிருக்காங்க. உலகத்துலயே நூறுதான். ஜனங்க அடிச்சிக்கிறாங்க! ஒண்ணாம் நம்பர், கையெழுத்தோட எனக்குக் கெடைச்சிருக்கு. என் வீட்டுக்கு வந்தா சம்சாரம் ஆடித் தீத்துடுவா. அதான் சாலவாக்கத்துல உன் விலாசம் குடுத்திருக்கேன். ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு நானே வந்து எடுத்துக்கறேன். கவரை மட்டும் பிரிச்சிடாதே. பிரிச்சா மதிப்பே போச்சு."

காரில் ஒரு கீறல் விழுந்ததற்காக டிரைவர் ஏசுதாசை அந்த நிமிடமே வீட்டுக்கு அனுப்பியவர் கிருஷ்ணசாமி. ஐம்பத்திரண்டு வயதில், வலது கண்ணில் புரை விழ ஆரம்பித்திருக்கும்போது, வேறு யார் லாரிச் சாவியைத் தூக்கிக் கொடுக்கப் போகிறார்கள்? வேதகிரிக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. இன்றுதான் ஞாயிறு, மணி ஒன்றரை.

"தொடச்சாப் போய்டும்யா" என்றாள் ஜெயம்மாள்.

துடைத்தான். குங்குமம் போகவில்லை, பரவியது. பாடகனின் கன்னமெல்லாம் சிவந்தது. நெற்றிப் பொட்டு மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"ஈரத்துணி போடு."

ஈரத்துணி போட்டான். அது நேராகப் போய்க் கீழே பேனாவால் போட்டிருந்த கையெழுத்தைத் துடைத்து எடுத்தது. அட்டை வேறு அப்பளமாவு போல ஊறியது.

"ஐயோ, போச்சே!"

"ஏன் கத்தற? வெயில்ல வெச்சாக் காஞ்சிடும்."

சித்திரை வெயில். உறையைத் தட்டோடு பைக் சீட்டின் மேல் வைத்துவிட்டுக் காவலுக்கு நின்றான். அரைமணி நேரத்தில் அட்டை காய்ந்தது. உள்ளே கையை விட்டுத் தட்டை எடுத்தவன் அலறினான். எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி அது வளைந்து கிடந்தது.

"பாரமா எதுனா வெச்சா நிமிந்துக்கும்" என்று யோசனை சொல்லிவிட்டு, ஜெயம்மாளே அம்மிக்கல்லின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். இறக்கினார்கள்.

'டப்' என்றது.

அம்மிக்கல்லை மறுபடியும் தூக்கி ஓரமாக வைத்தார்கள்.

"உள்ள வெச்சி மூடிடு. அவரு இங்கியா பிரிச்சிப் பாக்கப்போறாரு?" என்றாள் அவள், சன்னமான குரலில்.

"கையெழுத்து?"

"நீயே போடு. எல்லா கையெழுத்தும் கோணல்தானே?"

பேனாவை எடுத்தான். கண்ணை மூடி, வரதராஜப் பெருமாளை வேண்டிக்கொண்டு, ஒரே இழுப்பாக இழுத்தான். கண்ணைத் திறந்து பார்த்தபோது, பதினெட்டு வருடமாக லோடு சீட்டில் போட்டுப் பழகிய கை, அழகாக 'எஸ். வேதகிரி' என்று எழுதி வைத்திருந்தது.

ஜெயம்மாள் அதைப் பார்க்கவில்லை. அட்டைப் படத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏன்யா, இந்த மூஞ்ச எங்கியோ பாத்தா மாதிரியே கீது."

"வாய மூடுடி. வயித்தெரிச்சல் தாங்கல."

வாசலில் கார் நின்றது. மணி நாலேகால்தான் ஆகியிருந்தது.

கிருஷ்ணசாமி வழக்கம்போல் நெற்றி நிறையக் குங்குமத்தோடு இறங்கி வந்தார். சிரித்த முகம். "எங்க வேதகிரி என் பொக்கிஷம்?"

வேதகிரி இரண்டு கையாலும் நீட்டினான். முதலாளி வாங்கினார். பார்த்தார். கன்னத்தைப் பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார். உறையைச் சாய்த்ததும் தட்டு இரண்டு துண்டாக அவர் காலடியில் விழுந்தது.

"ஐயா... பொட்டு வெச்சோம்... அதுல தான்..." வேதகிரி குனிந்து துண்டுகளைப் பொறுக்கினான்.

கிருஷ்ணசாமியின் கண் கலங்கியதைப் பார்த்ததும் அவனுக்கு இன்னும் பயம் பிடித்தது. திட்டியிருந்தாலாவது தாங்கியிருப்பான்.

"உலகத்துலயே நூறுடா! இது கெடைக்காம எத்தினி பேரு ஏங்கிக்கிட்டிருக்காங்க தெரியுமா?" கையை நீட்டினார். "குடு, லாரிச் சாவியைக் குடு."

வேதகிரி இடுப்பிலிருந்து சாவியை எடுத்தான். ஜெயம்மாள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். சாவி கைமாறப் போகும் நேரம், தெருவில் ஒரு குட்டியானை சரக்கு வண்டி ஹாரன் அடித்து நின்றது. கூரியர்காரர் தௌஹீத் கையெழுத்து வாங்கும் சீட்டோடு இறங்கி வந்து, முதலாளி கையிலிருந்த அட்டையைப் பார்த்தார், முதலாளியின் நெற்றியைப் பார்த்தார்.

"அடடே, பாடினது நீங்கதானா ஐயா? அதான் மீதி தொண்ணூத்தொம்பதையும் நீங்களே வாங்கிக்கீறீங்க! எங்க எறக்கட்டும்?"