உயர்ந்த ரத்தமும் குறைந்த ரத்தமும்

டத்தோ கிராமாட்,
பினாங்கு.

மரியாதைக்குரிய கிளெமென்ட் மச்சானுக்கு, பெர்னார்ட் எழுதிக்கொள்வது. செபராங் ஜெயாவில் நீங்களும் அக்காவும் ஆண்டவர் அருளால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே ஒரே ஓர் ஆளைத் தவிர எல்லோரும் சுகம். அந்த ஆள் நான்.

கையில் போன் இருக்கும்போது இவன் ஏன் தபால் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். என் போனை உங்கள் தங்கை கேத்தரின் என்னைவிடக் கவனமாகப் படிக்கிறாள். குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டாலோ நான் தட்டி முடிப்பதற்குள் நாலு பேர் பதில் போட்டுவிடுகிறார்கள். விஷயம் என் மகள் ஷேரன் கல்யாணத்தைப் பற்றியது. உங்களிடம் ஓர் உதவி கேட்க வேண்டும். அது புரிய வேண்டுமானால் முதலில் என் ரத்தத்தின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

என் சிறுநீரகம் கொஞ்சம் கொஞ்சமாக வேலையைக் குறைத்துக்கொண்டு வருவது உங்களுக்குத் தெரியும். இப்போது நான்காம் கட்டம் என்கிறார்கள். ஈஸ்டர் முடிந்ததிலிருந்து மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, நாலு பாத்திரம் கழுவினால் உட்காரத் தோன்றியது. கேத்தரின் இதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்திருந்தாள். கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்த நர்ஸ், மிஸ்ஸி ஷாஹிரா, "அங்கிள், கூராங் டாரா லா," என்றாள். ரத்தம் குறைவு என்று அர்த்தம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குத்தான் வருஷக் கணக்காக டாரா திங்கி ஆயிற்றே! பிரஷருக்கு மலாயில் அதுதான் பெயர், சொல்லுக்குச் சொல் பார்த்தால் உயர்ந்த ரத்தம். ஒரே உடம்பில் ரத்தம் எப்படி உயர்ந்தும் இருக்கும், குறைந்தும் இருக்கும்? துறைமுகக் கிடங்கில் ஸ்டோர்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒரே சரக்கு அதிகமாகவும் இருக்கிறது, குறைவாகவும் இருக்கிறது என்று எவனாவது எழுதிக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

டாக்டரைப் பார்க்க இன்னும் நாள் இருந்ததால் நானே யோசித்தேன். உயர்ந்த ரத்தத்தை இறக்கத்தானே தினமும் மாத்திரை போடுகிறேன்? இப்போது ரத்தம் குறைந்துவிட்டது என்றால், மாத்திரை அளவுக்கு மீறி வேலை செய்துவிட்டது. நிறுத்தினால் தானாக ஏறிவிடும். நிறுத்திவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

இதற்குள் கேத்தரின், "ரத்தம் ஊறணும்," என்று ஆரம்பித்துவிட்டாள். காலையில் பேரீச்சம்பழம், மத்தியானம் முருங்கைக்கீரை, ராத்திரி ஈரல் வறுவல். நீங்களும் ஃபெர்ரி ஏறி, மடியில் குழந்தையைப் போல அந்தப் பெரிய பாட்டிலை வைத்துக்கொண்டு பீட்ரூட்டும் மாதுளையும் கலந்த சாறு கொண்டுவந்தீர்கள். குறை சொல்லவில்லை மச்சான். அது அன்பு. ஆனால் அந்த அன்பில் பொட்டாசியம் அதிகமாம். மற்றவர்களுக்கு ரத்தம் ஊற வைக்கும் சாமான் என்னைப் போன்ற சிறுநீரக நோயாளிக்கு நெஞ்சையே நிறுத்திவிடுமாம். டாக்டர் ஹரீஷ் சொல்லித்தான் தெரியும்.

அந்த டாக்டர் சின்ன வயசு, பொறுமைசாலி. பிரஷர் மெஷினை என் கையில் கட்டிப் பார்த்தார். நம்பாமல் இன்னொரு கையிலும் கட்டினார். "அங்கிள், பிரஷர் மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்றார். "ரத்தம் கொறஞ்சிருச்சின்னாங்க. அதான் நிறுத்திட்டேன் டாக்டர்," என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார். "அங்கிள், டாரா திங்கின்னா ரத்தம் கூடிப்போச்சுன்னு அர்த்தம் இல்ல. பைப்புல தண்ணி வேகமா அடிக்கிற மாதிரி. அது அழுத்தம். கூராங் டாரான்னா ரத்தத்துல சத்து இல்ல. அது வேற, இது வேற. ரெண்டுமே உங்களுக்கு இருக்கு," என்றார்.

சிறுநீரகத்துக்கும் ரத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "ரத்தம் செய்யிறது எலும்புக்குள்ள. செய்யச் சொல்லி ஆர்டர் போடுறது கிட்னி. உங்க கிட்னி ஆர்டர் போடுறதக் கொறச்சிருச்சு," என்றார். இது எனக்கு உடனே விளங்கியது. ஆபீசர் கையெழுத்துப் போடாவிட்டால் கிடங்கில் எது நகரும்? முதலில் உடம்பில் இரும்பு கையிருப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள், இல்லையென்றால் நரம்பு வழியாக ஏற்றுவார்கள், அதன் பிறகு அந்த ஆர்டரையே ஊசியாகப் போடுவார்கள். ஆனால் அந்த ஊசி பிரஷரைக் கூட்டுமாம். அதனால் பிரஷர் இறங்கும்வரை ஊசி கிடையாது என்று சொல்லிவிட்டார். ரத்தம் ஏறட்டும் என்று நான் நிறுத்திய மாத்திரை, ரத்தம் ஏற்றும் ஊசியையே நிறுத்திவிட்டது.

நீங்கள் இரண்டு பாட்டில் ரத்தம் தருவதாகச் சொன்னதையும் அவரிடம் சொன்னேன். "மச்சானுக்கு நன்றி சொல்லுங்க. ரொம்ப அவசரம்னாதான் ரத்தம் ஏத்துவோம். அடுத்தவங்க ரத்தம் பழகிட்டா, பின்னால வேற கிட்னி வைக்கிற நேரத்துல உடம்பு சண்டை போடும்," என்றார். ஆகவே உங்கள் ரத்தம் உங்களிடமே பத்திரமாக இருக்கட்டும்.

மாத்திரையை மறுபடி ஆரம்பித்தேன். பிரஷர் இறங்கியது, இரும்பும் ஏற்றினார்கள். கடைசியில் ஊசிகளைக் கையில் கொடுத்து, ஐஸ்பெட்டியில் வைக்கும்படி ஷாஹிரா சொன்னாள். நான் அதை அப்படியே வீட்டில் சொன்னேன். உங்கள் தங்கை எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டாள். ஷாஹிரா சொன்னது ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டு என்பது தெரியாமல், ஐஸ்பெட்டி என்றால் ஐஸ் இருக்கும் இடம் என்று, மேலே ஃப்ரீசரில், உறைந்த கெம்போங் மீனுக்கு அடியில் வைத்துவிட்டாள். உறைந்த ஊசி எதற்கும் உதவாதாம். "குளுரு கூட இருந்தா நல்லதுதானே? மீனு கெடலயே!" என்று என்னிடமே சண்டைக்கு வந்தாள். புது ஊசிக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறோம்.

இப்போது உதவிக்கு வருகிறேன். போன ஞாயிறு பூசையில் நற்கருணை வாங்கிவிட்டுத் திரும்பும்போது பாதி வழியில் மூச்சு முட்டிவிட்டது. ஒரு பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் வந்த வரிசையும் நின்றது, பாதிக் கோயில் என்னைப் பார்த்தது. கல்யாணத்தன்று ஷேரன் என் கையைப் பிடித்துக்கொண்டு வாசலிலிருந்து பீடம்வரை நடக்க வேண்டும். அந்தப் பெண் சின்ன வயசிலிருந்தே அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நடுவில் நான் இப்படி நின்றால் அவள் நாள் கெட்டுப்போகும். எனக்கு வெட்கமாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. நீங்கள் தாய்மாமன். என் இடத்தில் நீங்கள் நடந்துவிடுங்கள். ஒரு கோட்டு தைத்துக்கொள்ளுங்கள். ஷேரனிடம் நான் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.

அக்காவுக்கு என் அன்பைச் சொல்லவும். மாதா உங்கள் வீட்டைக் காக்கட்டும், வலிக்கிற உங்கள் முழங்காலையும் சேர்த்து.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்
பெர்னார்ட்

பி.கு.: மேலே கேட்ட உதவியை மறந்துவிடுங்கள். தபால்தலை வாங்க மறந்து இந்தக் கடிதம் என் ஜெபப் புத்தகத்துக்குள்ளேயே ஒரு மாதத்துக்கு மேல் கிடந்துவிட்டது. எழுதியதைக் கிழிக்க மனம் வராமல் அனுப்புகிறேன். இதற்குள் புது ஊசி வந்து, மீனுக்குப் பக்கத்தில் போகாமல் என் உடம்புக்குள் போய், ரத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறது. "முழுசா ஏத்திருங்க டாக்டர், கல்யாணம் வருது," என்று கேட்டுப் பார்த்தேன். "முழுசா வேணாம் அங்கிள். இந்த ஊசியில ரொம்ப ஏத்துனா பக்கவாதம் வரலாம். உங்களுக்கு இது போதும்," என்றார். அந்தப் போதும் என்பது கோயிலில் எவ்வளவு தூரம் வரும் என்று நேற்று ஒத்திகையில் தெரிந்தது. முக்கால் தூரம். அங்கே எனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்ததும், நான் வாயைத் திறக்கும் முன்பே ஷேரன், "இருங்கப்பா, சப்பாத்து வாரு அவுந்துருச்சு," என்று தன் காலணிப் பக்கம் குனிந்தாள். அவசரப்படாமல் மாட்டினாள். எனக்கு மூச்சு வந்த பிறகுதான் நிமிர்ந்தாள். மிச்சத் தூரத்தை இரண்டு பேரும் நடந்து முடித்தோம். வீட்டுக்கு வந்ததும் அவள் வாசலில் கழற்றி வைத்த புதுச் சப்பாத்தை எடுத்துப் பார்த்தேன், மச்சான். அதில் வாரே கிடையாது.