பதினெட்டு டிகிரி இரத்தினவேல்

பல்கலைக்கழகப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காத இரத்தினவேல், ஐம்பத்தாறாவது வயதில் ஒரே நாளில் பதினெட்டு டிகிரி எடுத்தார். ஜனவரி முதலாம் திகதி காலை, அஜக்ஸ் நகரத்துத் தன் வீட்டு ஹோலின் நடுவில் நின்று அதை அறிவித்தார்.

"இஞ்சேரும் மலர்! இந்த வின்ரர் முழுக்க எங்கட வீடு பதினெட்டு. அதுக்கு மேல ஒரு டிகிரி ஏறாது."

மனைவி ஜெயமலர் இரண்டு ஸ்வெட்டருக்குள் இருந்து எட்டிப்பார்த்தாள்.

"வெளியில மைனஸ் இருவதப்பா. நான் ஆளோ, ஐஸ்பழமோ?"

"சூட்டை உண்டாக்கிறது கெட்டித்தனமில்லை. உண்டான சூட்டை ஓடவிடாமல் பிடிக்கிறதுதான் கெட்டித்தனம்."

வெறும் வாய்ச்சொல் இல்லை. ஒரு கிழமை மாடாய் உழைத்தார். ஜன்னல்களுக்குப் பிளாஸ்டிக் ஒட்டி, ஜெயமலர் தலைமயிர் காயவைக்கும் டிரையரால் சூடு காட்டி, மிருதங்கத் தோல்போல் இழுத்தார். பின்கதவை அடைத்த அடையில் அது இனிச் சித்திரையில்தான் திறக்கும். கடைசியாக, சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட்டைத் துளைபோட்ட, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். திறப்பு அவருடைய கழுத்துச் சங்கிலியில் முருகனோடு தொங்கியது.

ஜெயமலர் சண்டை பிடிக்கவில்லை. "நல்லதப்பா" என்றாள். இருபத்தெட்டு வருடம் குடும்பம் நடத்தியவர், அந்த ஒரு சொல்லுக்கே பயந்திருக்க வேண்டும்.

இரண்டு நாள் இருவருடைய பல்லும் தாளம் போட்டன. மூன்றாம் நாள் ஜெயமலர் பெட்டிக்குப் பூப்போட்ட துணியில் ஓர் உறை தைத்துப் போட்டாள்.

"ஹோலுக்கு வடிவில்லாமல் நிக்குதப்பா."

தன் கண்டுபிடிப்புக்குப் பொன்னாடை போர்த்தியதுபோல் இரத்தினவேலுக்குப் பெருமை.

ஐந்தாம் நாள் அவர் சாரமும் பெனியனுமாய் உலாவினார். வியர்த்தது. ஓடிப்போய் உறையின் முன்பக்கத்தைத் தூக்கிப் பார்த்தார். பதினெட்டு! பூட்டும் பூட்டியபடி.

"பாத்தீரே மலர்? எல்லாம் டேப்பின்ர வேலை!"

"நீங்கள் விஞ்ஞானியாய் வந்திருக்க வேண்டிய ஆள்."

சாப்பாடும் விஞ்ஞானிக்கு ஏற்றதாய் இருந்தது. இண்டைக்கு முருங்கைக்காய், நாளைக்கு இறால், மற்ற நாள் பாரை மீன்.

ஒருநாள் பக்கத்து வீட்டு அன்புராசா தேத்தண்ணி குடிக்க வந்தார். முதியோர் சங்கத்தின் செயலாளர். ஜாக்கெட்டைக் கழற்றினார். ஸ்வெட்டரைக் கழற்றினார். பெட்டியைப் பார்த்து வாயைப் பிளந்தார்.

"பதினெட்டில இவ்வளவு சூடோ! அண்ணை, நீங்கள் சங்கத்தில வந்து பேசவேணும்."

'குளிரை வெல்வது எப்படி' என்று அன்று பின்னேரமே வாட்ஸ்அப்பில் அறிவித்தல் போய்விட்டது. இரத்தினவேலின் படம்கூட வந்தது. நல்ல படம்.

பேச்சுக்கு முதல்நாள் மத்தியானம், கூட்டத்துக்குக் காட்ட பெட்டியைப் போட்டோ எடுக்க நினைத்து, உறையை முழுதாகக் கழற்றினார் இரத்தினவேல். காலில் ஒரு சொட்டுக் குளிர்தண்ணீர். உறையின் மேற்பக்கத்தில் ஒரு பொக்கற். பொக்கற்றுக்குள் ஒரு பைக்கற்.

"மலர்! இதென்ன?"

"முருங்கைக்காய்."

"தெரியுது! இஞ்ச ஏன் இருக்கு?"

"சமைக்க முதல் ஐஸ் கரைய வேணுமெல்லோ."

"மைக்ரோவேவ் இருக்குத்தானே!"

"அது கரண்ட் குடிக்கும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. துளைகளால் இறங்கிய குளிரில் தெர்மோஸ்டாட் நடுங்கிக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் மட்டும்தான் பதினெட்டு. வீடு இருபத்துநாலு. பேஸ்மென்டில் ஹீட்டர் இரண்டு கிழமையாய் மூச்சு விடாமல் ஓடுகிறது!

"என்னை ஏமாத்திப்போட்டீர்!"

"உங்களை எங்கயப்பா ஏமாத்தினனான்? தெர்மோஸ்டாட்டைத்தானே."

"இப்பவே அன்புராசாவுக்குப் போன் அடிச்சு, பேச்சும் இல்லை, ஒண்டும் இல்லை எண்டு சொல்லப்போறன்."

"சொல்லுங்கோவன். ஏனெண்டு கேப்பார். அதுக்கும் ஒரு பதிலை யோசிச்சு வைச்சிட்டு அடியுங்கோ. எழுபது பேருக்கு றோல்ஸும் சொல்லியாச்சாம்."

இரத்தினவேல் போனைக் கையில் எடுத்தார். பிறகு அதைச் சாரத்து மடிக்குள் செருகினார். பைக்கற்றைத் திரும்பப் பொக்கற்றுக்குள் வைத்தார். உறையைச் சரிபார்த்து, கசங்கிய இடத்தைத் தடவியும் விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. ஒரு மணித்தியாலம் பேசினார். டேப், பிளாஸ்டிக், மனவுறுதி என்று ஒன்றையும் விடவில்லை. ஆண்கள் குறிப்பெடுத்தார்கள். பெண்கள் பக்கத்தில் ஜெயமலர் மிக்க மரியாதையோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

முடிவில் பின்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்தார்.

"எல்லாம் சரி தம்பி. பதினெட்டில வைக்க உம்மட மனிசி எப்பிடிச் சம்மதிச்சவ?"

இரத்தினவேல் மைக்கை இரண்டு கையாலும் பிடித்தார்.

"ஐயா, அவவின்ர கை இதில இல்லையெண்டால், எங்கட வீடு இவ்வளவு சூடாய் இருந்திராது."

மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். அன்றைய பேச்சு முழுவதிலும் அவர் வாயில் வந்த ஒரே உண்மை அதுதான்.